இலவசப் பிரதியும் இரவல் நாக்கும்

“முதலில் இலவசமாக எழுது; பெயர் வரும். பெயர் வந்தால் பணம் வரும்.” வீடியோ கேம் என்று இளைய தலைமுறை வழங்கும் காணொளி விளையாட்டுகளைப் பற்றி எழுதிப் பிழைக்க விரும்பும் இளைஞனுக்கு இத்துறையின் மூத்தோர் பலர் வழங்கும் அறிவுரையின் சாரம் இவ்வளவுதான். இதனோடு மற்றொன்றும் சேர்ந்து வரும்: “நிறுவனங்களின் மக்கள்தொடர்பு அதிகாரிகளோடு நல்லுறவு வைத்துக்கொள், அவர்கள் கதவைத் திறந்தால்தான் நீ உள்ளே போகலாம்.” உலகியல் அறிந்தோரின் நல்லுரைகள் போலவே இவை இரண்டும் ஒலிக்கும். சேர்த்துப் பார்த்தால் விளங்கும் பொருளோ வேறு. கூலி இல்லாதவனாக உள்ளே வா. யாரைப் பற்றி எழுதப் போகிறாயோ அவருடைய தயவில் நில். அதன் பின்னர் எவருக்கும் அஞ்சாமல் உண்மையை எழுது! கை கால்களைக் கட்டி ஆற்றில் எறிந்துவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று பழிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சுயேச்சை எழுத்தாளன் எந்த இதழிலும் மாதச் சம்பளம் பெறாதவன். கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி எழுதுபவன். காணொளி விளையாட்டு இதழியலில் நேர்மை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவனைத்தான் முன்னே நிறுத்துவர். “பரிசு வாங்காதே, விருந்துண்ணாதே, நட்புக்காக எழுதாதே” என்று அறம் போதிப்பர். போதனையில் பிழையில்லை. கூலி கிடைக்கவில்லை என்பதற்காக நேர்மையை விற்பவன் எழுத்தாளன் என்ற பெயரை இழக்கிறான். ஆயின், கூலி கொடாமல் நேர்மையை மட்டும் கேட்பவன், அதைக் கேட்கும் உரிமையையே இழக்கிறான். இவ்விரண்டும் உண்மைகள். முதல் உண்மையை உரக்கச் சொல்லி, இரண்டாவதை மூடி மறைப்பதே இத்துறையின் பெரும் பொய்.

தொட்டிலில் தொடங்கிய உறவு

இப்பொய்யின் வேரைக் காண வேண்டுமெனில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ என்ற இதழும், பிரிட்டனில் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ என்ற இதழும் தோன்றின. அன்று தொட்டு இத்துறை இதழ்களின் பக்கங்களை நிரப்பிய விளம்பரங்களுள் பெரும்பாலானவை, அந்த இதழ்கள் மதிப்புரை எழுத வேண்டிய விளையாட்டுகளின் விளம்பரங்களே. நாளிதழ் ஒன்றில் சவர்க்காரமும் விளம்பரமாகும், சைக்கிளும் விளம்பரமாகும், ஒரு வணிகர் கோபித்துக்கொண்டால் மற்றொருவர் இருப்பார். விளையாட்டு இதழுக்கோ விளம்பரம் தருபவரும் விமர்சிக்கப்படுபவரும் ஒருவரே. 1988-இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய ‘நிண்டெண்டோ பவர்’ இதழை நடத்தியது நிண்டெண்டோ நிறுவனமேயாகும். அதனைக் கையில் எடுத்த சிறுவர்க்கு, படிப்பது இதழா விளம்பரமா என்று பிரித்தறியும் தேவையே எழவில்லை.

1991-இல் தோன்றிய ‘கேம் இன்ஃபார்மர்’ இதழின் கதை இன்னும் தெளிவானது. விளையாட்டுகளை விற்கும் கடைத்தொடர் ஒன்றின் உடைமையாகவே அது பல்லாண்டுகள் வாழ்ந்தது. 2024 ஆகஸ்டில் அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் நிறுவனம் ஒரே நாளில் அதை மூடியது. இணையத்தில் சேர்த்து வைத்திருந்த எழுத்துகளும் அன்றே மறைந்தன. 2025-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது யார்? கன்ஸில்லா கேம்ஸ் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம். எழுதியோர் திறமையிலோ நேர்மையிலோ குறைந்தவர் அல்லர். ஆயினும் கடைக்காரர் கையிலிருந்து தயாரிப்பாளர் கைக்கு மாறுவதே ஓர் இதழுக்குக் கிடைத்த மறுவாழ்வு என்றால், வாசகர் அமைத்துத் தந்த தரை அத்துறைக்கு எவ்வளவு குறுகியது என்பதை அளந்துகொள்ளலாம்.

முன்கூட்டி வரும் பிரதி

விளையாட்டு மதிப்புரையின் அச்சாணி, வெளியீட்டுக்கு முன்னரே நிறுவனம் அனுப்பும் இலவசப் பிரதி. இது கையூட்டு அன்று. நூல் மதிப்புரைக்கு நூல் அனுப்புவது போன்ற வழக்கமே. நூலை ஓர் இரவில் படித்துவிடலாம். பெரிய விளையாட்டு ஒன்றை முடிக்க 40 மணியோ 60 மணியோ ஆகும். விற்பனை நாளன்று மதிப்புரை வெளிவர வேண்டுமாயின் பிரதி முன்னரே கைக்கு வந்தாக வேண்டும். அப்பிரதியோடு ஒரு நிபந்தனையும் வரும்: இந்நாள் இம்மணிக்கு முன் எதுவும் எழுதலாகாது. எம்பார்கோ எனப்படும் இத்தடைநேரம் எல்லாருக்கும் பொதுவாக இருக்குமாயின், அவசரத்தில் அரைகுறையாக எழுதும் போட்டியைத் தவிர்க்கும். அந்த அளவில் அது நன்மையே.

தீமை தொடங்கும் இடம் எது? 2014 நவம்பர் 11-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யை அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு விட்டது. மதிப்புரைக்கான தடைநேரமோ அன்று நண்பகலில்தான் நீங்கியது. பன்னிரண்டு மணி நேரம் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்குக் குறைகளை எடுத்துச் சொல்ல எவருக்கும் அனுமதியில்லை. முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் உருவங்களை வாங்கியோர் தம் திரைகளில் தாமே கண்டனர். அம்மாத இறுதியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒப்பந்தத்தை மதித்து வாய் மூடியிருந்த விமர்சகன் யாருடைய ஊழியனாக அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்தான்? வாசகனுடைய ஊழியனாகவா?

2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளிவந்தபோது நடந்தது அதனினும் நுட்பமானது. முன்பிரதி பெற்றோருக்குக் கணினியில் ஆடும் வடிவமே தரப்பட்டது. பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் ஆடும் வடிவம் தரப்படவில்லை. மதிப்புரைக் காணொளிகளில் நிறுவனம் தந்த காட்சிகளையே காட்டலாம். தாம் ஆடிய காட்சிகளைக் காட்டலாகாது என்பதும் நிபந்தனை. புகழுரைகள் குவிந்தன. முன்பதிவு செய்தோர் தொகை 80 இலட்சம். விற்பனை தொடங்கிய பிறகே, பழைய பெட்டிகளில் அது ஆடத் தகாத நிலையில் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் கழிந்ததும் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கியது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. மதிப்புரையாளர் எவரும் பொய் எழுதவில்லை. தாம் கண்டதைத்தான் எழுதினர். எதைக் காணலாம், எதைக் காட்டலாம் என்பதை வேறொருவர் தீர்மானித்திருந்தார். இரவல் நாக்கு என்பது இதுதான்: சொல் விமர்சகனுடையது, எல்லை விற்பவனுடையது.

எல்லையை மீறுவோருக்கு என்ன நேரும்? ‘கொட்டாகு’ என்ற இணைய இதழ், வெளியிடப்படாத விளையாட்டுகளைப் பற்றி உண்மையான செய்திகளை வெளியிட்டது. அதன் விளைவாக பெத்தெஸ்டா, யூபிசாஃப்ட் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் பிரதி அனுப்புவதையும் கேள்விகளுக்கு விடையளிப்பதையும் நிறுத்திக்கொண்டதை 2015 நவம்பரில் அவ்விதழ் வாசகருக்கு வெளிப்படையாக அறிவித்தது. சம்பளமும் சட்டத்தரணியும் உள்ள இதழ் இப்புறக்கணிப்பைத் தாங்கியது. தனியாக நிற்கும் சுயேச்சை எழுத்தாளன் எத்தனை நாள் தாங்குவான்?

வேலை பறித்த மதிப்பெண்

சம்பளம் பெறும் விமர்சகனுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. 2007 நவம்பரில் ‘கேம்ஸ்பாட்’ இதழில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த விமர்சகர், ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் அளித்தார். அப்பொழுது அவ்விளையாட்டின் விளம்பரமே அவ்விணைய இதழின் முகப்பை அலங்கரித்திருந்தது. அம்மாதம் முடிவதற்குள் அவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். வாய்ப்பூட்டு ஒப்பந்தம் காரணமாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் காரணத்தைக் கூறவில்லை. 2012 மார்ச்சில் கட்டு நீங்கியதும், விளம்பரதாரரின் அழுத்தத்தைத் தாங்கிப் பழகாத புதிய நிர்வாகமே தம்மை வெளியேற்றியது என்று விளக்கினார்.

மதிப்பெண் என்பதும் வெறும் எண்ணன்று. பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் ‘மெட்டாகிரிட்டிக்’ என்ற இணையதளத்தை நிறுவனங்கள் தராசாகக் கொண்டன. 2010-இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, சராசரி 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம், வந்தது 84. ஒரே ஓர் எண்ணில் தொகை போயிற்று. இச்செய்தியை 2012-இல் வெளிப்படுத்தியவர் அந்நிறுவனத்தவரே. ஆக, நிறுவனமும் மதிப்பெண்ணுக்கு அஞ்சுகிறது. உழைப்பாளியின் ஊதியமும் அதில் தொங்குகிறது. இந்நிலையில் இரக்கம் காரணமாக ஓர் எண்ணைக் கூட்டுவது அறமாகுமா? ஆகாது. உழைப்பாளியின் கூலியை விமர்சகனின் பேனாமுனையில் கட்டித் தொங்கவிட்டவன் முதலாளி. அக்குற்றத்திற்கு வாசகன் அபராதம் செலுத்த வேண்டியதில்லை.

பரிசுப் பொருளின் எடை

2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டியை அறிமுகப்படுத்தியது. அரங்கில் அமர்ந்திருந்த அனைவருக்கும் ஆளுக்கொரு பெட்டி இலவசம் என்று மேடையிலிருந்தே அறிவிக்கப்பட்டது. அரங்கு ஆரவாரித்தது. ஆரவாரித்தோரில் பலர் அப்பெட்டியைப் பற்றி எழுத வந்தவர்கள். ஒரு பெட்டிக்காக எவர் தம் மனச்சான்றை விற்பார் என்று கேட்கலாம். எவரும் விற்க வேண்டியதில்லை. கை தட்டினாலே போதும். கை தட்டிய கை மறுநாள் எழுதும்போது சற்றே மென்மையாக எழுதும். பரிசின் எடை பையில் தெரிவதில்லை, எழுத்தில் தெரிகிறது.

இதனை இடித்துரைத்தவர் ஒருவர் பிரிட்டனில் இருந்தார். 2012 அக்டோபரில் ராபர்ட் ஃபிளாரன்ஸ் என்ற சுயேச்சைக் கட்டுரையாளர், ‘யூரோகேமர்’ இதழில் தம் பத்தியில், பரிசுப்பெட்டி ஒன்றைப் பெறும் ஆசையில் விளையாட்டு இதழாளர்கள் விளம்பர வாசகத்தைத் தாங்களே பரப்பியதைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டோர் தரப்பிலிருந்து சட்டமிரட்டல் எழுந்தது. இதழ் அப்பகுதியை நீக்கியது. ஃபிளாரன்ஸ் அவ்விதழை விட்டு விலகினார். நேர்மையைப் பற்றி எழுதியவர் வெளியே. நேர்மையை மறந்தோர் உள்ளே. சுயேச்சை எழுத்தாளனுக்குப் பின்னால் எந்தச் சுவரும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுத்தை விட்டுக் காணொளிக்கு வந்தால் விலைப்பட்டியலே வெளிப்படையாகிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியைப் புகழ்ந்து காணொளி வெளியிட்ட இருவருக்கு 15,000 டாலரும் 30,000 டாலரும் வழங்கப்பட்டதையும், பார்ப்போருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்பதையும் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2015-இல் வெளிப்படுத்தியது. 2016 ஜூலையில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மீது அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ விளையாட்டைப் பற்றிப் பணம் பெற்றுப் பேசியோர், குறைபாடுகளைக் காட்டலாகாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அக்காணொளிகள் 55 இலட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டன. பார்த்தோருள் எத்தனை பேர் விளம்பரம் என்று அறிந்து பார்த்தனர்?

வயிற்றின் கணக்கு

இனி, அறம் போதிப்போர் தொடாத பகுதிக்கு வருதல் வேண்டும். ஒரு விளையாட்டை ஆடி முடிக்க 40 மணி; எழுதித் திருத்த 10 மணி; கட்டுரைக்குச் சன்மானம் 200 டாலர் எனக் கொள்க. மணிக்கு 4 டாலர் ஆயிற்று. அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். உணவகத்தில் பாத்திரம் கழுவுவோனுக்குச் சட்டம் காட்டும் இரக்கத்தையும் விமர்சகன் பெறுவதில்லை. அந்த 200 டாலரும் கட்டுரை வெளிவந்து மாதங்கள் கழித்து வரும்; சில வேளைகளில் இதழ் மூடப்பட்டு வராமலே போகும். சன்மானம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் பதிப்பாளரை அறிந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்க்கு இந்நிலை புதிதன்று.

வயிறு நிரம்பாதவன் வேறு வேலையும் தேட வேண்டியவனாகிறான். அவனுக்கு மிக எளிதில் கிடைக்கும் வேலை எது? அதே நிறுவனங்கள் தரும் வேலை. வெளியீட்டுக்கு முன் இரகசியமாக ஒரு மதிப்புரை எழுதித் தந்து, இதழ்களில் எத்தனை மதிப்பெண் வரும் என்று கணித்துச் சொல்லும் ‘ஒத்திகை மதிப்புரை’க்கு நிறுவனங்கள் நல்ல தொகை தருகின்றன. பகலில் வாசகனுக்கு நீதிபதி. இரவில் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர். ஒத்திகை எழுதியவன் அதே விளையாட்டைப் பற்றிப் பொதுவில் எழுதாமல் ஒதுங்குவதே குறைந்தபட்ச நெறி. அவனை அந்த இரட்டை வேடத்திற்குத் தள்ளிய இதழ் முதலாளிக்கு இருக்க வேண்டிய நெறி எது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நிலையான இடங்களும் சுருங்கி வருகின்றன. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நடத்திய ‘லாஞ்சர்’ பகுதி 2023-இல் மூடப்பட்டது. ‘வேபாயிண்ட்’ அதே ஆண்டில் மூடப்பட்டது. 2025 மே மாதத்தில் ‘பாலிகன்’ இதழ் விற்கப்பட்டு எழுத்தாளர் பலர் வேலையிழந்தனர். வேலையிழந்த தேர்ந்த கைகள் யாவும் சுயேச்சை எழுத்தாளர் வரிசையில் வந்து நிற்கின்றன. அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் புதியவனைப் பார்த்து, “இலவசமாக எழுது” என்று சொல்வது அறிவுரையன்று. வரிசையில் நிற்கும் அனைவரின் கூலியையும் ஒருங்கே குறைக்கும் சூழ்ச்சி.

விளையாட்டுத்தானே என்போருக்கு

“பொம்மை விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இத்துணை ஆரவாரமா?” என்று வினவுவோர் உண்டு. பொம்மையை விற்பவன் 70 டாலர் வாங்கும்போது அதைப் பொம்மையாகக் கருதுவதில்லை. அந்தப் பொம்மையை உருவாக்கும் தொழிற்கூடத்தில் மனிதர்கள் இருக்கின்றனர். 2018 ஆகஸ்டில் ‘கொட்டாகு’ இதழில் சிசிலியா டி’அனஸ்டாசியோ என்ற செய்தியாளர், ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ரையட் கேம்ஸ் நிறுவனத்தில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தை, அங்குப் பணிபுரிந்தோர் பலரிடம் பேசி எழுதினார். வழக்குகள் தொடர்ந்தன. 2021 டிசம்பரில் அந்நிறுவனம் 10 கோடி டாலர் செலுத்த இணங்கியது. அதில் 8 கோடி அங்குப் பணியாற்றிய பெண்களுக்கு உரியது. இலவசப் பிரதிக்காக வாசலில் நிற்பவனால் அக்கட்டுரையை எழுதியிருக்க இயலுமா?

சிங்கப்பூரும் இச்செய்திக்குப் புறம்பானதன்று. 2008-இல் அங்கு நிறுவப்பட்ட யூபிசாஃப்ட் சிங்கப்பூர், கடற்போர் விளையாட்டான ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ஸைப் பல்லாண்டு உழைத்து 2024-இல் வெளியிட்ட கூடம். அங்குப் பாலியல் தொல்லையும் பாகுபாடும் நிலவின என்ற குற்றச்சாட்டுகளை 2021 ஜூலையில் அதே ‘கொட்டாகு’ வெளியிட்டது. அடுத்த மாதமே நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் சிங்கப்பூரின் முத்தரப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. நிறுவனம் தனக்கு வந்த புகார்களை முறையாகவே கையாண்டது என்பது 2023-இல் வெளியான முடிவு. இங்கேதான் இதழியல் அறத்தின் இரு பக்கமும் தெரிகின்றன. குற்றச்சாட்டை அஞ்சாமல் எழுதுவது ஒரு பாதி; விசாரணையின் முடிவு நிறுவனத்திற்குச் சாதகமாக வந்தால் அதனையும் அதே பெரிய எழுத்தில் எழுதுவது மறு பாதி. முதல் பாதியை மட்டும் செய்பவன் வம்பன். இரண்டாம் பாதியை மட்டும் செய்பவன் விளம்பரக்காரன்.

அறத்தின் பெயரால் அட்டூழியம்

இதழியல் அறம் என்ற சொல்லையே கறைப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் மறைக்கலாகாது. 2014 ஆகஸ்டில், ஒரு பெண் படைப்பாளி தம் விளையாட்டுக்கு நல்ல மதிப்புரை பெறுவதற்காக ஒரு செய்தியாளரோடு உறவு கொண்டார் என்ற பழி பரப்பப்பட்டது. அச்செய்தியாளர் அவ்விளையாட்டுக்கு மதிப்புரை எழுதவே இல்லை. இல்லாத மதிப்புரைக்காக ஒரு பெண்ணின் வாழ்வு சூறையாடப்பட்டது. ‘கேமர்கேட்’ என்று பெயர் பெற்ற அவ்வெறியாட்டம் மேலும் பல பெண்களைக் கொலைமிரட்டலால் வீட்டை விட்டு ஓடச் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் விமர்சகர் ஆற்றவிருந்த உரை, துப்பாக்கிச் சூட்டு மிரட்டலால் கைவிடப்பட்டது.

“இதழியல் அறத்தைக் கேட்கிறோம்” என்பதே அக்கும்பலின் முழக்கம். ஆனால் அவர்கள் எந்தப் பெருநிறுவனத்தின் விளம்பர அழுத்தத்தைக் கேள்வி கேட்டனர்? மேலே கண்ட தடைநேரங்களும் ஒப்பந்தங்களும் பரிசுப்பெட்டிகளும் அவர்கள் கோபத்தின் இலக்காகவில்லை. பண பலம் இல்லாத தனிப் படைப்பாளியும், கூலி குறைந்த தனி எழுத்தாளனுமே இலக்காயினர். வலியவனை விட்டு எளியவனை அடிப்பதற்கு அறம் என்று பெயர் சூட்டினால், அது அறமாகிவிடாது. அக்கும்பல் தவறாகப் பயன்படுத்தியது என்பதற்காக அச்சொல்லைக் கைவிடுவதும் தவறே. திருடன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்பதற்காக வீட்டார் இருளிலேயே வாழ்வதில்லை.

வாசலில் நிற்பவனுக்கு

அப்படியாயின் புதியவன் என் செய்வான்? முதலாவதாக, மக்கள்தொடர்பு அதிகாரியின் வாசலை விட்டு அகல வேண்டும். அவ்வாசலில் கூட்டம் மிகுதி. நிறுவனம் அனுப்பும் செய்தியை எழுத ஆயிரம் பேர் உளர். விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் தொழிலாளி, மொழிபெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், மூடப்பட்ட கூடத்தின் ஊழியர் ஆகியோரைத் தேடிப்போய்க் கேட்டு எழுத ஆள் குறைவு. பதிப்பாசிரியருக்கு அனுப்பும் யோசனை ஒரு பக்கத்துள் அடங்க வேண்டும்: கேள்வி என்ன, இப்பொழுது அது ஏன் முக்கியம், யாரிடம் கேட்கப் போகிறான் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இன்ன விளையாட்டு நன்றாக இருக்கிறது என்பது யோசனையன்று. அது கருத்து மட்டுமே.

இரண்டாவதாக, எழுதத் தொடங்குமுன் கூலியைக் கேட்க வேண்டும். எவ்வளவு, எப்பொழுது, கட்டுரை கைவிடப்பட்டால் எவ்வளவு, பதிப்புரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். இது பேராசையன்று. நியூயார்க் நகரில் 2017 மே முதல் நடப்பில் உள்ள சட்டம், 800 டாலருக்கு மேற்பட்ட சுயேச்சைப் பணிக்கு எழுத்து ஒப்பந்தத்தையும், நாள் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள் கூலியையும் கட்டாயமாக்கியுள்ளது. சிங்கப்பூரில் சுயதொழில் புரிவோரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கென 2018-இல் ஒரு முத்தரப்புத் தரநிலை வகுக்கப்பட்டது. இலவசமாக எழுத மறுப்பவன் தன்னை மட்டும் காப்பதில்லை. தனக்குப் பின் வருபவனையும் காக்கிறான்.

மூன்றாவதாக, வாசகனுக்கு எதையும் மறைக்கலாகாது. பிரதியைத் தந்தவர் யார், எந்தப் பெட்டியில் ஆடினான், எத்தனை மணி ஆடினான், முடித்தானா இல்லையா என்பவற்றைக் கட்டுரையிலேயே கூற வேண்டும். நண்பரின் படைப்பு, முன்னாள் முதலாளியின் படைப்பு, ஒத்திகை எழுதிய படைப்பு ஆகியவற்றை மதிப்பிடாமல் விலக வேண்டும். பிறர் கருத்தைத் தன் கருத்தாக எழுதலாகாது. 2018-இல் ‘ஐஜிஎன்’ இதழ் ‘டெட் செல்ஸ்’ விளையாட்டு மதிப்புரையை நீக்கி, அதை எழுதியவரையும் வேலையிலிருந்து நீக்கியது இக்குற்றத்திற்காகவே.

பதிப்பாசிரியருக்கும் கடமை உண்டு. நிறுவனம் பிரதி தர மறுத்தால் இதழே விலை கொடுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். விளம்பரப் பகுதியார் ஆசிரியப் பகுதியின் வாசலை மிதிக்கலாகாது. வழக்கு மிரட்டல் வந்தால் சுயேச்சை எழுத்தாளனையும் தன் ஊழியனாகவே கருதிக் காக்க வேண்டும். இவற்றைச் செய்யாத ஆசிரியர், எழுத்தாளனிடம் நேர்மை உறுதிமொழி வாங்குவது நகைப்புக்குரியது.

வாசகனே கூலி கொடுக்கும் வழியும் தோன்றியுள்ளது. 2023 நவம்பரில் ‘கொட்டாகு’விலிருந்து வெளியேறிய எழுத்தாளர் சிலர், தாமே உடைமையாளராக ‘ஆஃப்டர்மாத்’ என்ற இதழைச் சந்தாவை நம்பித் தொடங்கினர். கெர்ஸ்ட்மன் வேலை பறிக்கப்பட்ட பின் தோற்றுவித்த ‘ஜயண்ட் பாம்’ இதழ், பல முதலாளிகள் கைமாறி, 2025 மே மாதத்தில் அதன் ஊழியர் கைக்கே வந்து சேர்ந்தது. இவ்வழி குறுகியது, எல்லாரையும் தாங்குமளவு அகலமானதன்று. ஆயினும் எழுதுபவன் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்பதில் ஐயம் எழாத வழி அது.

இறுதியாக வாசகனிடமும் ஒரு கேள்வி உண்டு. 70 டாலர் கொடுத்து விளையாட்டை வாங்குபவன், அது வாங்கத் தக்கதா என்று உண்மை சொல்பவனுக்கு ஒரு காசும் கொடுக்க மறுத்தால், அந்தக் காசை வேறொருவன் கொடுப்பான். கொடுப்பவன் விளையாட்டை விற்பவனாகவே இருப்பான். விற்பவன் பணத்தில் வாங்கிய உண்மை, விற்பவனுக்கே உதவும். நேர்மையான எழுத்து வேண்டும் என்று கேட்கும் சமூகம், அதற்கு உரிய கூலியை எழுத்தாளன் கையில் வைத்துவிட்டுக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் அவன் இரவல் நாக்கால் பேசினால், அன்று அவனைத் தூற்றும் உரிமை அச்சமூகத்திற்கு முழுமையாக உண்டு.